மீனுக்கு என்ன வயசு?

இன்னைக்கு எபிசோட் ஒரு மர ஸ்கேலில் இருந்து ஆரம்பிக்குது.

சில மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியறதுக்குள்ள காசிமேடு போயிருந்தேன். ரூம்மேட்டுக்கு வஞ்சிரம் கம்மி விலைக்கு வேணுமாம். எனக்குத் தூக்கம் வரலை, அவ்வளவுதான். ஏலம் நடந்துகொண்டிருந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒருத்தர் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பலகை, அதன்மேல் ஆணியடித்த ஸ்கேல். பக்கத்துக் கூடையிலிருந்து ஒவ்வொரு காரப்பொடியாக எடுக்கிறார். மூக்கு நுனியைப் பலகையின் முனையில் முட்டவைத்து, வால் எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்க்கிறார். நோட்டில் ஒரு கோடு. மீன் திரும்பக் கூடைக்கு. அடுத்த மீன்.

கூடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, மீனுக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"வயசு பாக்குறேன்க்கா."

"மீனுக்கு ஏதுப்பா வயசு? இன்னைக்கு வலை, நாளைக்குக் குழம்பு."

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடலை. ஸ்கேலை வைத்து மீனுக்கு எப்படி வயசு பார்ப்பது? அந்த வயசை வைத்து என்ன செய்வாங்க? வீட்டுக்கு வந்து தேட ஆரம்பிச்சேன். ஒரு வாரத்தில் முடியும்னு நினைத்தது மூணு மாசம் போயிடுச்சு.

முதலில் வடக்கே போகணும், குளிர்கடல் பக்கம். 1883-ல் லண்டனில் ஒரு பெரிய மீன்பிடிக் கண்காட்சி. அங்கே பேசிய தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினுக்காக ஊர் ஊராகச் சண்டை போட்ட அதே ஹக்ஸ்லி, காட், ஹெர்ரிங் மாதிரியான பெரிய கடல் மீன்வளங்கள் அநேகமாக வற்றாதவை என்றார். மனுஷன் எவ்வளவு பிடித்தாலும் கடலுக்கு அது பொருட்டே இல்லை என்பது கருத்து. அவர் முட்டாள் இல்லை. அன்றைக்கு இருந்த படகையும் வலையையும் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் அடுத்த இருபது வருஷத்துக்குள்ளேயே வடகடல் மீனவர்கள் மீன் சிறுத்துவிட்டது, குறைந்துவிட்டது என்று புலம்ப ஆரம்பித்தார்கள். 1902-ல் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கோபன்ஹேகனில் கடல் ஆய்வுக்காக ஒரு சர்வதேச மன்றமே அமைத்தன. பிறகு முதல் உலகப்போர் வந்தது. வடகடலில் மீன்பிடிப்பு பெருமளவு நின்றது. போர் முடிந்து வலை போட்டால் மீன் அதிகம், அதுவும் பெரிது பெரிதாக. யாரும் திட்டமிடாத ஒரு பிரம்மாண்டமான சோதனை. பிடிப்பதற்கும் கடலில் மிஞ்சுவதற்கும் சம்பந்தம் உண்டு என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சம்பந்தம் உண்டுன்னு தெரியும். எவ்வளவுன்னு எப்படிக் கணக்குப் போடுவது? அதற்குத்தான் வயசு. ஏன்னு ஒரு உதாரணத்தோட சொல்றேன், நம்ம ஆட்களுக்குச் சட்டுன்னு புரியும்.

ஒரு ஐடி கம்பெனி. உள்ளே போக உங்களுக்கு அனுமதி இல்லை, எச்.ஆர். டேட்டாவும் கிடையாது. வாசலில் நின்று, வெளியே வருகிறவர்களின் அடையாள அட்டையில் சேர்ந்த வருஷத்தை மட்டும் பார்க்கலாம். போன வருஷம் சேர்ந்தவர்கள் 1000 பேர், அதற்கு முந்தைய வருஷத்து ஆட்கள் 600 பேர், அதற்கும் முன்னால் 360 பேர்னு வெச்சுக்கங்க. வருஷாவருஷம் ஏறக்குறைய ஒரே அளவு ஆள் எடுக்கிற கம்பெனி என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பது பேர் காணாமல் போகிறார்கள் என்று வாசலிலேயே நின்று சொல்லிவிடலாம். அந்த நாற்பதில் தானாக ராஜினாமா செய்தவர்கள் கொஞ்சம், அனுப்பப்பட்டவர்கள் கொஞ்சம். மீனில் முதலாவது இயற்கைச் சாவு: பெரிய மீன் தின்றது, நோய், முதுமை. இரண்டாவது நம்ம வலை. இந்த இரண்டையும் பிரித்துவிட்டால், வலை எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். மீன்வள மதிப்பீடுன்னு சொல்றதில் பாதி இதுதான். 1957-ல் பெவர்ட்டன், ஹோல்ட் என்ற இரண்டு இளம் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இதையெல்லாம் சமன்பாடுகளாக்கித் தடிமனான ஒரு புத்தகம் போட்டார்கள். அதுதான் இன்றுவரை அந்தத் துறையின் அடிப்படை நூல்.

அடையாள அட்டையில் சேர்ந்த வருஷம்னு சொன்னேனே, மீனுக்கு அது எங்கே இருக்கு? காதுக்குள். கத்தாளை மீன் தலையைச் சாப்பிடும்போது வெள்ளையாக ஒரு கல் பல்லில் கடிபடும் பாருங்க, அதுதான். எலும்பு மீன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு, கத்தாளைக்குப் பெரிதாக இருப்பதால் நமக்குத் தெரிகிறது. குளிர்கடலில் மீன் கோடையில் வேகமாக வளரும், பனிக்காலத்தில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். அந்தக் கல்லில் அது வளையமாகப் பதிவாகும், மரத்துக்குள் இருக்கும் வளையம் போலவே. எண்ணினால் வயசு. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஜெர்மானியர்கள் செதிலிலும் காதுக்கல்லிலும் இதைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இப்போ நம்ம கடலுக்கு வாங்க.

இங்கே பனிக்காலம் இல்லை. தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பு. மீனின் வளர்ச்சியில் பெரிய நிறுத்தமும் இல்லை. கல்லை எடுத்துப் பார்த்தால் வளையம் மங்கல், அல்லது வருஷத்துக்கு ஒன்றா இரண்டா என்றே தெரியாத குழப்பம். (பின்னாளில் பல வெப்பக்கடல் மீன்களிலும், முக்கியமாகப் பவளப்பாறை மீன்களில், ஒழுங்கான வளையங்கள் இருப்பது தெரிந்தது. 1971-ல் பன்னெல்லா என்பவர் நாளுக்கு ஒன்றாகப் படியும் நுண்வளையங்களையே கண்டுபிடித்தார். ஆனால் அதை எண்ண நல்ல நுண்ணோக்கியும் மலை போன்ற பொறுமையும் வேண்டும்.) அதோடு இங்கே ஒரே மடியில் நூறு வகை மீன் ஏறும். பல மீன்கள் வருஷத்தில் பல மாதங்கள் முட்டையிடும். பிடிப்பதோ நாலு துறைமுகத்தில் கரைசேரும் பெரிய கப்பல்கள் இல்லை, ஆயிரக்கணக்கான கடற்கரைகளில் ஏறும் சின்னப் படகுகள். பெவர்ட்டன், ஹோல்ட் புத்தகம் கையில் இருக்கு, அதில் போட வேண்டிய எண்தான் இல்லை.

எண் இல்லாமல் என்ன நடக்கும்னு நீங்க கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் தாய்லாந்து வளைகுடாவின் கதை என் கேள்வியையே புரட்டிப் போட்டது.

1960-ஐ ஒட்டி ஜெர்மன் அரசின் உதவித் திட்டத்தில் கிளாவுஸ் டீவ்ஸ் என்ற மீன்வள விஞ்ஞானி அங்கே போனார். வளைகுடாவின் தரை ஆழமில்லாத சேறு, இழுவலைக்குத் தோதான இடம். உள்ளூர்ப் படகுகளுக்கு ஏற்ற ஒரு இழுவலையைத் தாய்லாந்து மீன்வளத் துறையோடு சேர்ந்து பரிசோதித்துக் காட்டினார்கள். வலை அள்ளியது. பார்த்தவர்கள் எல்லாரும் இழுவைப்படகு கட்ட ஆரம்பித்தார்கள். 1960-ல் நூறைத் தொடாத எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஆயிரங்களுக்குப் போனது. எழுபதுகளின் தொடக்கத்தில் உலகில் அதிகம் கடல்மீன் பிடிக்கும் முதல் பத்து நாடுகளில் தாய்லாந்தும் ஒன்று. வளர்ச்சித் திட்டங்களின் வெற்றிக் கதைக்கு வேறென்ன வேணும்?

ஆனால் இந்தக் கதையில் நான் மதிக்கிற ஒரு வேலை நடந்தது. தாய்லாந்து மீன்வளத் துறை வலையைக் கொடுத்ததோடு விடவில்லை. 1961-லிருந்தே ஆய்வுப்படகில் போய், ஒரு மணி நேரம் இழுத்தால் எத்தனை கிலோ ஏறுகிறது என்று அளந்து எழுதிவந்தார்கள். அளவீட்டு முறையை மாற்றாமல் வருஷாவருஷம். ப்ரொடக்ஷனில் விட்ட அன்றைக்கே மானிட்டரிங்கும் போட்ட மாதிரி. நம்ம துறையில்கூட அது அடிக்கடி நடக்கிறதில்லை.

1961-ல் மணிக்குச் சுமார் 300 கிலோ. 1966-க்குள் அதில் பாதிக்கும் கீழே. 1972-ல் 60 சொச்சம். பதினோரு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

எல்லாம் ஒரே அளவில் குறையவில்லை என்பதுதான் இன்னும் விசித்திரம். திருக்கைகள் பெரிய அடி வாங்கின. அவை மெதுவாக வளர்ந்து குறைவாகக் குட்டி போடுபவை, அது புரிகிறது. ஆனால் குட்டியூண்டு மீனான காரல், அதாவது நம்ம காரப்பொடி குடும்பம், அதுவும் சரிந்தது. அதன் இடத்தில் கணவாய் பெருகியது. ஒரு மீனைத் தனியாக எடுத்துக் கணக்குப் போடும் வடகடல் முறை இதைச் சொல்லவே சொல்லாது. வலைக்குள் ஏறியதில் பெரும்பகுதி குஞ்சும் குறுமீனுமாகி, தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போனது. ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் சங்காயம்னு சொல்வாங்களே, அதே சரக்கு.

கிராஃப் இருந்தது. சரியாகவும் இருந்தது, சரியான நேரத்திலும் இருந்தது. படகுகள் நிற்கவில்லை. சொந்த வளைகுடா வற்றியபோது பக்கத்து நாடுகளின் கடலுக்குப் போயின. எழுபதுகளின் பிற்பகுதியில் 200 கடல்மைல் எல்லைகள் வந்தபோது அதுவே பெரிய தகராறானது. எண் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற என் எஞ்சினியர் நம்பிக்கை இந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது என்பதை ஒத்துக்கிறேன்.

இதே எழுபதுகளில்தான் டேனியல் பாலி வருகிறார். பாரிஸில் பிறந்து, சுவிட்சர்லாந்தில் வளர்ந்து, ஜெர்மனியில் கீல் நகரில் படித்தவர். 1975-ல் ஜெர்மன் உதவித் திட்டம் ஒன்றில் இந்தோனேசியா போகிறார். வேலை, இழுவலை ஆய்வு. கீலில் படித்த முறைகள் அங்கே செல்லுபடியாகவில்லை. ஒரு மடியைக் கொட்டினால் ஏகப்பட்ட வகை, எதற்கும் வயசு தெரியாது. அங்கே அவர் உட்கார்ந்து எழுதிய ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று, 1977-ல் வந்தது, எதைப் பற்றி தெரியுமா? காரல் குடும்பத்தைப் பற்றி. அதைப் படிக்கும்போது காசிமேட்டுக் கூடை ஞாபகம் வந்து சிரிச்சேன்.

1979-ல் மணிலாவில் இருந்த சர்வதேச நீர்வள ஆய்வு மையத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு பழைய யோசனையைத் தூசி தட்டினார். 1890-களில் டென்மார்க்கின் பீட்டர்சன் சொன்ன யோசனை: வயசு தெரியாவிட்டால் நீளத்தைப் பார். திரும்ப அதே கம்பெனி வாசலுக்குப் போவோம். அட்டையில் சேர்ந்த வருஷம் அழிஞ்சிருக்கு. ஆனால் சம்பளம் தெரியும். எல்லாருடைய சம்பளத்தையும் ஒரு ஹிஸ்டோகிராமாகப் போட்டால் ஃப்ரெஷர்கள் இடதுபக்கம் ஒரு மேடாகத் தெரிவார்கள். சில மாசம் கழித்துப் போட்டால் அந்த மேடு கொஞ்சம் வலதுபக்கம் நகர்ந்திருக்கும். பின்னாடியே அடுத்த பேட்ச் புது மேடு. மேடு நகரும் வேகம்தான் வளர்ச்சி. மீனில் சம்பளத்துக்குப் பதில் நீளம். ஸ்கேலும் நோட்டும் எதற்குன்னு எனக்குப் புரிந்த இடம் இதுதான்.

சிக்கல் என்னன்னா, வெப்பக்கடலில் மேடுகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிக் கிடக்கும். கண்ணால் பார்த்துக் கோடு போட்டால் ஆளுக்கொரு கோடு போடுவார்கள். பாலியும் என். டேவிட் என்பவரும் சேர்ந்து 1981-ல் இதை ஒரு நிரலாக வெளியிட்டார்கள். பெயர் எலிஃபான். எழுதியது பேசிக் மொழியில், சின்ன மைக்ரோகம்ப்யூட்டரில் ஓடுவதற்காக. மணிலாவிலோ டாக்காவிலோ உள்ள ஒரு ஆய்வாளருக்கு மெயின்ஃப்ரேம் கிடைக்காது, ஆனால் இப்படி ஒரு பெட்டி கிடைக்கலாம் என்பதுதான் அதன் அழகு.

அல்காரிதம் இவ்வளவுதான். ஒவ்வொரு நீள வகுப்பையும் அக்கம்பக்கம் சேர்த்து ஐந்து வகுப்புகளின் சராசரியோடு ஒப்பிடு. சராசரிக்கு மேலே இருந்தால் மேடு, அதற்குப் புள்ளி கொடு. கீழே இருந்தால் பள்ளம், புள்ளியைக் கழி. இப்போது மாதங்களின் குறுக்கே ஒரு வளர்ச்சி வளைவை ஓட்டு. அது தொடும் மேடுகளின் புள்ளிகளைக் கூட்டு, பள்ளத்தில் விழுந்தால் குறை. எந்த வளைவு அதிகப் புள்ளி வாங்குகிறதோ அதுதான் இந்த மீனின் வளர்ச்சி. வளர்ச்சி தெரிந்தால் நீளத்தை வயசாக மாற்றலாம். வயசு வந்தால் வாசலில் நின்று எண்ணிய அந்த நாற்பது சதவீதக் கணக்கு வந்துவிடும். படித்தபோது எனக்குப் புல்லரிச்சது, பொய் சொல்லலை. காலேஜில் நாலு வருஷம் படித்ததில் இவ்வளவு சின்னக் கோடு இவ்வளவு பெரிய பிரச்சினையைத் தொட்டதைப் பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் இது ஃபைசாட் என்ற மென்பொருளாகி வெப்பநாடுகளின் மீன்வள நிறுவனங்களில் பரவியது. பெர் ஸ்பாரெ, வெனெமா இருவரும் எழுதிய பாடப்புத்தகமும் டென்மார்க் உதவியோடு நடந்த பயிற்சிகளும் கூடவே வந்தன. பீட்டர்சன் நாட்டிலிருந்தே, பாருங்க. இன்றைக்கு ட்ராப்ஃபிஷ்ஆர் என்ற இலவச ஆர் தொகுப்பு இருக்கு. நானும் இறக்கிப் போட்டேன்.

இங்கேதான் என் உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. கூடவே வரும் மாதிரி டேட்டாவில் அழகாக ஓடியது. நீள வகுப்பின் அகலத்தை மாற்றினேன், பதில் மாறியது. ஐந்துக்குப் பதில் ஏழு வகுப்பின் சராசரி எடுத்தேன், திரும்ப மாறியது. கடைசியில் குறும்புக்காகச் சும்மா ரேண்டம் எண்களைக் கொடுத்தேன். அதுக்கும் ஒரு வளர்ச்சி விகிதம் சொன்னது, தசம புள்ளியோடு. இது பக் இல்லை. அதிகப் புள்ளி வாங்கும் வளைவைக் கண்டுபிடின்னு சொன்னோம், கண்டுபிடித்தது.

அடுத்தது இன்னும் நுட்பமான இடம். மொத்தச் சாவு வந்துவிட்டது, சரி. அதில் இயற்கைச் சாவு எவ்வளவு? நேரடியாக அளக்க வழி ஏறக்குறைய இல்லை. பாலி 1980-ல் 175 மீன்கூட்டங்களின் விவரங்களைத் திரட்டி, மீனின் அளவு, வளரும் வேகம், தண்ணீரின் வெப்பநிலை மூன்றையும் வைத்து இயற்கைச் சாவை ஊகிக்கும் ஒரு சமன்பாடு கொடுத்தார். வெப்பக்கடல் மதிப்பீடுகளில் அந்தச் சமன்பாடு எத்தனையோ ஆயிரம் தடவை ஓடியிருக்கும். அது ஒரு சராசரி. நம்ம மீன் அந்தச் சராசரியில் உட்காருமா என்பது வேறு விஷயம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. மொத்தச் சாவு விகிதம் 2. இயற்கைச் சாவு 0.9 என்றால், வலையின் பங்கு 1.1, அதாவது 55 சதவீதம். ரொம்ப நாளாகப் பலர் பயன்படுத்திய விதிப்படி 50-ஐத் தாண்டினால் மிகைப்பிடிப்பு. அதே மீன், அதே கூடை, இயற்கைச் சாவை மட்டும் 1.1-ன்னு போட்டால் வலையின் பங்கு 45 சதவீதம். பிரச்சினையே இல்லை, போய்ப் பிடிங்க. கடன் வாங்கிய ஒரு எண், இந்தப் பக்கம் 0.1, அந்தப் பக்கம் 0.1. ஒருத்தருடைய பிழைப்பு அதற்குள் இருக்கு.

நம்ம நாட்டில் இந்த நீளங்கள் எங்கிருந்து வருகின்றன? 1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், ரெண்டு வருஷத்தில் மண்டபத்துக்கு வந்து, இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. 1971-லிருந்து கொச்சியில். எல்லாக் கடற்கரையிலும் எல்லா நாளும் ஆள் நிறுத்த முடியாது. அதனால் கரையை மண்டலங்களாகப் பிரித்து, இடத்தையும் நாளையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, ஆள் அனுப்புகிறார்கள். ஒரு நாள் மதியத்திலிருந்து மாலை, மறுநாள் காலை. இரவில் கரைசேர்ந்ததை விசாரித்து எழுதுவது. வந்த படகுகளில் சிலவற்றை மட்டும் பார்த்து மொத்தத்தைக் கணிப்பது. இந்தியாவின் கடல்மீன் பிடிப்பு இத்தனை லட்சம் டன்னு செய்தியில் படிக்கிறோமே, அதுக்கு அடியில் இப்படி நோட்டோடு நிற்கிற ஆட்கள் இருக்காங்க.

அந்த ஸ்கேல் சட்டமாகவும் மாறியிருக்கு. 2015-ல் கேரள அரசு சில மீன்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளம் அறிவித்தது. மத்திக்கு 10 செ.மீ. 2012-ல் கேரளத்தில் நாலு லட்சம் டன்னை நெருங்கிய மத்தி, பிறகு சரிந்து 2021-ல் வெறும் 3,297 டன் ஆனது. குஞ்சு பிடித்ததால்தான்னு ஒரு பக்கம், எல் நினோவால் கடல் சூடானதுன்னு இன்னொரு பக்கம். 2023-ல் திரும்ப ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. வலை மட்டுமே காரணம்னு நினைத்து எழுதிய எந்தக் கோடும் இப்படி ஒரு கிராஃபை வரைந்திருக்காது. அதுக்காக வலை காரணமே இல்லைன்னும் சொல்ல முடியாது.

நம்ம பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். 2001-ல் தொடங்கினபோது 45 நாள், 2017-லிருந்து 61. அந்த நாட்களில் வருமானம் இல்லாமல் வீட்டில் இருப்பவரிடம் போய், இயற்கைச் சாவு விகிதம் ஒரு ரெக்ரெஷன் சமன்பாடுன்னு சொல்லிப் பாருங்க. தாய்லாந்து கிராஃபைக் காட்டினால் கேட்பார்னு எனக்குத் தோணுது. அவர் அப்பா பிடித்த மீனின் நீளம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

திரும்பக் காசிமேடு. ரூம்மேட் பேரம் பேசித் தோற்று, சொன்ன விலைக்கே வஞ்சிரம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். கிளம்பும்போது பலகைக்காரர் நோட்டை மூடிக்கொண்டிருந்தார். கூடைக்காரம்மா, "சரி, இவ்ளோ நேரம் பார்த்தியே, என்னதான் வயசு?" என்றார்.

"பாதிக்கு மேல ஒரு வருஷம்கூட ஆகலக்கா."

அவர் கூடைக்குள் ஒரு தடவை குனிந்து பார்த்தார். அதற்குள் யாரோ வந்து கூறு எவ்வளவுன்னு கேட்டார்கள். நிமிர்ந்து விலை சொன்னார்.